மடு வீதியில் ஒரு சோடிச் சப்பாத்து

காலை 6.10க்கு மன்னாரில் வவுனியா பஸ் ஏறி, ஏழரைக்கு மடுச் சந்தியில் இறங்கினேன். அங்கிருந்து மாதா கோயில் பன்னிரண்டு கிலோமீற்றர். ஆவணித் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. காட்டு வீதி நெடுகச் சனம் செபமாலை சொல்லிக்கொண்டு நடந்து போனது.

என் பையில் கனடா மச்சான் அனுப்பிய சப்பாத்துச் சோடி. அடி வைக்க அடி வைக்க உள்ளே மின்சாரம் பிறந்து, கணுக்காலில் கட்டும் தீப்பெட்டியளவு பெட்டியில் சேரும். அதிலிருந்து போனுக்கு வயர். நானே போட்டு நடந்தால் அதில் என்ன கதை இருக்கிறது? யாத்திரை போகும் ஒருவர் போட்டால்தான் பத்திரிகைக் கட்டுரை எடுபடும் என்று பெரிய எடுப்பில் கிளம்பியிருந்தேன்.

8.15. மூன்றாவது கிலோமீற்றர் கல்லடியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து, போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலோரத்து அரிப்பு ஊரிலிருந்து மூன்று நாளாக நடந்து வருகிறாராம். பெயர் பிலோமினா. பாதம் வெடித்ததால் கூட வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டாராம்.

"மகளுக்கு நேத்து ராத்திரி கொழும்பில நெஞ்சில ஒப்பரேசன். என்ரை மனுசன் அங்க மகளோட நிக்கிறார். வெறுங்காலோட நடந்து வாறன் எண்டு மாதாவுக்கு நேர்த்தி வைச்சனான். இப்ப பாருங்கோ தங்கச்சி, போன் செத்துப்போச்சு."

"அவரின்ரை நம்பரைச் சொல்லுங்கோ அக்கா, என்ரையில எடுப்பம்."

"நம்பர் ஆருக்குத் தெரியும்? பேரை அமத்தினா எடுக்கும்."

இந்த இடத்தை மறைக்காமல் எழுதுகிறேன். என் பையின் அடியில் முழுசாகச் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் கிடந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் அவர் கணவரோடு பேசியிருப்பார். நான் எடுத்தது சப்பாத்தை; இதைப் போட்டு நடந்தால் போன் ஏறும் என்றேன்.

"ஐயோ, நேர்த்தியெல்லோ!" என்று காலை இழுத்துக்கொண்டார்.

"பிள்ளைக்காகத்தானே அக்கா. மாதாவும் ஒரு தாய்தானே, கோவிக்கமாட்டா."

அப்படிச் சொல்ல எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி காலை நுழைத்தார். நான் வயரை அவர் போனில் செருகிவிட்டுப் படம் எடுத்தேன். எத்தனை அடிக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன்.

9.40. ஆறாவது கிலோமீற்றர். இரண்டு சதவீதம். போன் உயிர்த்தது, உடனே கணவரின் அழைப்பும் வந்தது. அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

"ரத்தம் நிக்கேல்லையாம். திரும்பவும் ஒப்பரேசனுக்குக் கொண்டு போயிட்டினமாம்…" போன் மறுபடி அணைந்தது. அவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்தார். "நான் இதைப் போட்டதாலதான்."

"இல்லை அக்கா, அப்பிடியில்லை!" பதறிப்போய்ப் பையைக் கொட்டி, பவர் பேங்கை எடுத்து அவருடைய போனில் செருகினேன். சட்டென்று ஏறத் தொடங்கியது.

"இது முந்தியே உங்களிட்ட இருந்ததோ?"

"ஓம்."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ சப்பாத்தைக் கழற்றிச் சோடி சேர்த்து என் முன்னால் வைத்தார். பிறகு சந்தியைப் பார்த்துத் திரும்பி நடந்தார்.

"எங்க அக்கா போறியள்?"

"போட்ட இடத்துக்கு. அதிலயிருந்து திரும்ப நடக்கவேணும்."

"நானும் வாறன்."

"வேண்டாம் தங்கச்சி. நீங்கள் போங்கோ."

வெடித்த காலோடு மூன்று கிலோமீற்றர் பின்னுக்கு. அதையே மறுபடி முன்னுக்கு. பவர் பேங்க் வயர் அவர் கையில் தொங்கியது. அதையாவது கொண்டு போனாரே என்று நின்றேன்.

10.30. வந்த பஸ்ஸில் ஏறி நூறு ரூபாய் கொடுத்து, கோயிலடியில் இறங்கினேன். கோயில் வளவில் மாலை நாலு மணிவரை காத்திருந்தேன். அந்தச் சனத்துக்குள் அவரைக் காணவில்லை. வீடு திரும்புமுன் அவர் மகளுக்காக ஒரு மெழுகுதிரி வாங்கிக் கொளுத்தினேன். மாதாவிடம் யாருக்காக என்று சொல்ல வேண்டுமே. வாயைத் திறந்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பிள்ளையின் பெயரை நான் கேட்கவேயில்லை.