நாலாயிரம் ஹெர்ட்ஸ்

1991-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரும்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. பாகத்தின் அளவை டைப் அடிக்கும்போது அது தப்பாக இருந்தால் கம்ப்யூட்டர் கத்தும்படி புரோகிராம் எழுதினேன். காதில் குத்தட்டும் என்று நாலாயிரம் ஹெர்ட்ஸில் கீச்சென்று சத்தம் வைத்தேன். ஆனால் பாகங்களை அளந்து டைப் அடிக்கும் செக்கிங்கில் இருந்த மண்ணூர் கன்னியப்பன் தப்பான பாகங்களையும் பாஸ் பண்ணிக்கொண்டே இருந்தார்.

“தூங்கினு இருக்கியா?” என்றேன், என் அப்பா வயசு ஆளிடம்.

“சத்தமே வரலையே சார்.”

பொய் என்று நிரூபிக்க, எல்லோர் முன்னாலும் அவரை உட்காரவைத்தேன். கேட்டால் கை தூக்கச் சொல்லி, ஐந்நூறிலிருந்து படிப்படியாக ஏற்றினேன். மூவாயிரம் வரை கை உயர்ந்தது. நாலாயிரத்தில் எல்லோரும் முகம் சுளித்தார்கள். அவர் மட்டும் அடுத்த சத்தத்துக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பன்னண்டு வருசம் தகடு அடிக்கிற பிரஸ் மிஷின் சத்தத்துல நின்னேன் சார். வூட்லயும் செவிடுன்னுதான் சொல்றாங்க.”

மேனேஜர், “சத்தத்தை மாத்துப்பா, வேலை நடக்கட்டும்” என்றார். பிரஸ் மிஷின்களில் அப்போதும் ஆட்கள் காதில் பஞ்சுகூட இல்லாமல் நின்றுகொண்டிருந்தார்கள். நான் நாலாயிரத்தை அழித்து ஆயிரம் என்று அடித்தேன். கெட்டிக்காரன் என்று மேனேஜர் முதுகில் தட்டினார். அதற்கு இளித்தேன் பாருங்கள், அந்த மூஞ்சியை இன்றைக்கும் எனக்குச் சகிக்கவில்லை.