பாண்டீஸ்வரன் ஒற்றைக் கையால் ஓட்டிய ஜீப்

பாண்டீஸ்வரனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவனை என்னளவுக்குத் தெரிந்தவன் சின்னக்கானலில் வேறு யாரும் இல்லை. வயிறெரிகிறவன் அப்படித்தான் கவனிப்பான்.

எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஜீப் கழுவப் போய், இருபத்திரண்டு வயதில் சொந்த ஜீப் வாங்கிவிட்டான். நானும் ஜீப் ஓட்டுகிறவன்தான்; ஆறு வருடமாக இருவருக்கும் ஒரே ஸ்டாண்ட். காலையில் போடிமெட்டுப் பக்கம் ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிப் போவோம். அவன் வண்டி நிறைந்த பிறகுதான் என் வண்டிக்கு ஆள் வரும். "பாண்டி ஒத்தக் கையால ஓட்டுனாலும் அலுங்காம குலுங்காமப் போகும்" என்பார்கள். அதில் முதல் ஆளாக ஏறுகிறவள் என் மனைவி கற்பகம். கட்டின புருஷன் வண்டியோடு நிற்கும்போது அவள் அடுத்தவன் ஜீப்பில் போனால் எனக்கு எப்படி இருக்கும்?

போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல். என் வண்டி பிரேக் வேலைக்காகப் பட்டறையில் கிடந்தது. "அண்ணே, இன்னைக்கு நீங்க ஓட்டுங்க" என்று சாவியைக் கொடுத்தான். முதல் வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பியதும் சட்டென்று பள்ளத்துப் பக்கம் ஒதுங்கியது. பெண்கள் அலறினார்கள். ஊர்ந்துதான் போய்ச் சேர்ந்தேன்.

திரும்பி வந்து ஜீப்பை நிறுத்திப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை மூன்று விரல் அகலம் ஆட்டிய பிறகுதான் சக்கரம் அசைந்தது. அடியில் படுத்துப் பார்த்தால், ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு எண்டின் ரப்பர் கிழிந்து, கிரீஸ் காய்ந்து, விழப்போகும் பல் மாதிரி ஆடியது. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்ததால் அவன் கையும் அதோடு சேர்ந்து பழகியிருக்கிறது. இந்த லட்சணத்தில்தான் அத்தனை பேரையும் அலுங்காமல் கொண்டு போயிருக்கிறான். எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பெண்களிடம் போட்டுக்கொடுத்து அவன் பேரைக் கெடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் நாளைக்கும் கற்பகம் இதில்தான் ஏறுவாள் என்பது உறைத்தது. நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

"பாண்டி, இனி கிரீஸ் வச்சுப் பிரயோஜனம் இல்ல. ரெண்டு பக்க எண்டையும் மாத்திரு. பழசு எத்தனை சுத்துல கழண்டு வருதோ, புதுச அத்தனை சுத்து ஏத்து. அலைன்மென்ட் பாக்காம ஆள ஏத்தாத."

அப்படியே செய்தான். அதோடு விட்டானா, அண்ணன்தான் எல்லாரையும் காப்பாத்துனார் என்று ஸ்டாண்ட் முழுக்கச் சொன்னான். "பாண்டிக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார்கள் பெண்கள்.

அன்று சாயங்காலம் கற்பகத்திடம் கேட்டேவிட்டேன், என் வண்டியில் ஏன் ஏறுவதில்லை என்று.

"உங்க வண்டியும் அலையுதுங்க. எனக்குக் குமட்டுது. சொன்னா கோவிச்சுக்குவீங்க."

பட்டறையிலிருந்து வந்திருந்த என் ஜீப்பைப் போய்ப் பார்த்தேன். நாலு விரல். மறுநாள் சவாரியை விட்டுவிட்டு, போடிக்கு இறங்கி, இரண்டு எண்டையும் மாற்றி, அலைன்மென்ட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை முன்கதவைத் திறந்துவைத்து நின்றேன். கற்பகம் வந்தாள்.

"வண்டி சரியாயிருச்சு. உங்க கைதான் இன்னும் பழைய கை. ஒரு வாரம் ஓட்டிப் பழகுங்க, வாரேன்."

"அவனும் புதுசாத்தான மாத்திருக்கான்? அவன் பழக வேண்டாமா?"

"பாண்டி ஒரே நாள்ல பழகிட்டானே" என்று சொல்லிவிட்டு, அவன் ஜீப்பில் போய் ஏறிக்கொண்டாள்.