அஞ்சலி நோட்டீஸ் ஒட்டாத வீடு

ரட்காவைப் பற்றி ஊரில் இப்போது நல்லதாகப் பேசுகிறவள் நான் ஒருத்திதான். நானும் எல்லா நாளும் பேசுவதில்லை. அவள் செய்த காரியம் அப்படி. ஆனால் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று யாராவது என் காதுபடச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர்களின் பிள்ளைகளும் வெளிநாட்டில்தானே படிக்கிறார்கள்? அவர்கள் மட்டும் என்ன கிழித்திருப்பார்கள்?

அவள் வீடும் என் வீடும் ஒரே மாடியில் எதிரெதிர்க் கதவு. ரட்காவுக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலை. அவள் புருஷன் லூபென் தலைநகர் சோபியாவுக்குப் போகிற பஸ்ஸை ஓட்டினான். ஒவ்வொரு செப்டம்பரிலும் பெரிய பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு அவள் டிக்கெட் கொடுப்பாள், அவன் கொண்டுபோய் விமான நிலையத்தில் இறக்கிவிடுவான். ஹாலந்து, ஜெர்மனி, ஸ்பெயின் என்று போனவர்கள் போனவர்கள்தான். பள்ளிக்கூடத்தின் நடைவழியில் அவர்கள் படத்தையெல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தலைமையாசிரியை பெற்றோர் கூட்டத்தில் சொல்வாள்: "வெளிய போய்ப் படிச்சவன் மனுஷன். இங்கயே நின்னவன் மிச்சம் மீதி." பாவிகள் நாங்களும் கைதட்டுவோம்.

மற்றவர்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ரட்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். அவள் பார்த்த தொலைதூரமே கல்யாணமான புதிதில் போன கருங்கடல்தான். டான்யூப் கரையிலேயே பிறந்து, ஆற்றுக்கு அக்கரையில் தெரியும் ருமேனியாவில்கூடக் கால் வைக்காதவள். அதனால்தானோ என்னவோ, வெளியே போனால் அறிவு வரும், கண் திறக்கும், வாழ்க்கை நேராகும் என்று அப்படி நம்பினாள்.

போய்விட்டுத் திரும்பி வந்து தங்கினவன் யாவோர் ஒருவன்தான். ஜெர்மனியில் படித்துக்கொண்டிருந்தவன் அம்மாவை அடக்கம் செய்ய வந்தான். அப்பா தனியாக இருக்கிறாரே என்று கொஞ்ச நாள் நின்றான். குளிர்காலம் போகட்டும் என்றான். இன்றைக்கும் ஆற்றங்கரைக் காபிக்கடையில் தாயம் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ரட்கா என் கையைக் கிள்ளுவாள். "பாத்தியாக்கா? ஒரு சாவு. ஒரே ஒரு சாவுக்கு வந்தான். பையன் அத்தோட போச்சு."

அவள் மகள் பிலியானா ஹாலந்தில் நீர்ப்பொறியியல் படிக்கப் போனாள். லூபெனுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும், "என் பொண்ணு கடலையே அணை கட்டி நிறுத்துற ஊர்ல படிக்கிறா" என்பான். "முதல்ல உன் பஸ்ல ஒழுகுற கூரைய அடைக்கச் சொல்லு, லூபென்" என்று கேலி செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். நல்ல மனுஷன். குடிப்பான், ஆனால் நல்ல மனுஷன்.

மகளுக்குக் கடைசி வருஷம் நடந்துகொண்டிருந்தபோது லூபெனுக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்தது. முற்றிவிட்டது. வெட்டி எடுக்க வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். மகளுக்குச் சொல்லக்கூடாது என்று முதலில் சொன்னது லூபென்தான். அதை நான் என் காதால் கேட்டேன்.

"பரிட்சை முடியட்டும். இப்ப சொன்னா ஓடி வந்துடுவா."

"வரட்டுமேடா. பெத்த பொண்ணுதானே?" என்றேன்.

"வந்தா போகமாட்டா கினா அக்கா. அவளத் தெரியாதா உனக்கு?"

சரி, சாகப்போகிறவன் வார்த்தை என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் கூப்பிடுவாள். அவன் தலையணையில் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுவான். என்னப்பா இருமல் என்று கேட்டால், பஸ்ஸில் காற்று அடித்தது என்பான்.

ஆனால் கடைசியில் அவன் மாறிவிட்டான். இதுதான் ஊருக்குத் தெரியாது. நான் சூப் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். ரட்கா அவனுக்கு உதடு துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணைத் திறந்து, "பிலியானாவக் கூப்பிடு" என்றான்.

"பரிட்சை வருதுப்பா."

"தெரியும். கூப்பிடு. பாக்கணும்."

"கூப்பிடறேன், கூப்பிடறேன். நீ தூங்கு."

அவள் கூப்பிடவில்லை. சமையலறையில் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "இப்ப அவனே கேக்குறான்டீ, இன்னும் என்ன?" அவள் என் கையை விலக்கினாள். "அவர் வலியில கேக்குறாருக்கா. தெளிவா இருந்தப்ப வேணாம்னாரு. நான் எதக் கேக்கறது?" மறுநாளும் அவன் கேட்டான். அதற்கு மறுநாள் கேட்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அப்படியே போய்ச் சேர்ந்தான்.

எங்கள் ஊரில் ஒருவர் செத்தால் முதல் வேலை அஞ்சலி நோட்டீஸ். படம், பெயர், வயது, கீழே துயருறுவோர் யார் யார் என்று. வீட்டு வாசற்கதவில், மரங்களில், பஸ் நிறுத்தத்தில், ரொட்டிக்கடையில். ஆறு மாசத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என்று காலத்துக்கும் ஒட்டிக்கொண்டே இருப்போம். ரட்கா ஒன்றுகூட ஒட்டவில்லை. கதவில் கறுப்பு நாடாவும் கட்டவில்லை. பாதிரியார், லூபெனின் தங்கை தோத்கா, நான், பஸ் நிலையத்து ஆட்கள் சிலர். யாரும் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, திருடியதைப் புதைப்பது போல அவனைப் புதைத்தோம்.

அடுத்த ஞாயிறு மகள் கூப்பிட்டாள். "அப்பா சோபியா வண்டியில போயிருக்காரு" என்றாள் ரட்கா. அதற்கடுத்த வாரம், "இப்பதான் படுத்தாரு, எழுப்பட்டுமா?" என்றாள். எழுப்பச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாள்? "வேணாம்மா, தூங்கட்டும்" என்று அந்தப் பெண் சொல்லிவிட்டது.

தோத்கா நாற்பதாம் நாள் வரைதான் பொறுத்தாள். கல்லறையில் வேகவைத்த கோதுமையும் ஒயினும் படைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது, தெரு முழுக்க லூபென் சிரித்துக்கொண்டிருந்தான். பஸ் நிலையக் கதவில், தெருவோர மரங்களில், ரட்காவின் டிக்கெட் ஜன்னலிலேயே ஒன்று. 'துயருறுவோர்: மனைவி ரட்கா, மகள் பிலியானா, தங்கை தோத்கா.'

"என் அண்ணன் என்ன தெருநாயா, காகிதம்கூட இல்லாமப் புதைக்க?" தோத்கா பசை வாளியோடு வாசலில் நின்று கேட்டாள். "நீ பண்ணது போதும் அண்ணி. இனிமே ஊரு பாக்கட்டும்."

ரட்கா வீட்டுக்குள் போய்ச் சமையல் கத்தியும் வெந்நீரும் எடுத்து வந்தாள். கட்டின புருஷனின் முகத்தை மரம் மரமாகச் சுரண்டினாள். பசை காயாத இடத்தில் முழுசாக வந்தான், காய்ந்த இடத்தில் பாதிப்பாதியாக வந்தான். காபிக்கடையே எழுந்து நின்று பார்த்தது. ஒரு கிழவர், "உனக்கு வெக்கமா இல்ல?" என்றார். "இருக்கு" என்றாள், சுரண்டிக்கொண்டே. நான் பின்னாலேயே போய் விழுந்ததைப் பொறுக்கினேன். வேறென்ன செய்ய? பைத்தியக்காரி போல அவளைத் தனியாகத் தெருவில் விட்டுவிட்டா வருவேன்?

எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று நினைத்தாள், பாவம். மரத்தைச் சுரண்டலாம். ஊர்ப் பிள்ளைகள் கையிலிருக்கும் போனை எப்படிச் சுரண்டுவது? வெளிநாட்டுக்குப் போன பிள்ளைகளுக்கு இந்த ஊரிலிருந்து போகும் ஒரே சேதி இந்த நோட்டீஸ்தான். யாராவது படம் எடுத்துப் போடுவார்கள். இங்கே பக்கத்துத் தெருவில் தெரிவதற்கு முன்னால் மாட்ரிடில் தெரிந்துவிடும். அது ரட்காவுக்குத் தோன்றவே இல்லை, எனக்கும்தான்.

பரிட்சை முடிந்தது. பிலியானா நல்ல மதிப்பெண்ணில் தேறிவிட்டாள். அன்று ரட்கா என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். எனக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

"பிலி, கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உக்காந்துக்கோ."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நோட்டீஸ் வந்துச்சு. எனக்கே யாரோ ஆழ்ந்த அனுதாபம்னு அனுப்பினாங்க. பாத்தா என் பேரும் இருக்கு. மகள் பிலியானா துயருறுகிறாள்னு. அப்பா செத்ததே எனக்கு அதப் பாத்துதான் தெரியும்."

ரட்கா போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"அதுக்கப்புறமும் கூப்பிட்டேனேம்மா. அப்பா எங்கன்னு கேட்டேன். குளிக்கிறாருன்னே. இந்த வாரமாவது நீயே சொல்லுவேன்னு நெனச்சேன். நீ வெங்காய நாத்து நட்டதப் பத்திப் பேசினே. நானும் பரிட்சை எழுதினேன். அதுதானே உனக்கு வேணும்?"

"உன் படிப்புக்காகத்தான்டீ. நீ வந்தா நின்னுடுவேன்னுதான்..."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பா என்னைக் கேட்டாரா?"

நான் ரட்காவைப் பார்த்தேன். இல்லையென்று சொல்லடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். இத்தனை பொய் சொன்னவள் இன்னும் ஒன்று சொன்னால் என்ன? சாகக் கிடந்தவனுக்கு நினைவில்லை என்று சொன்னால் போதும், அந்தப் பெண் எப்படியாவது தேறிக்கொள்ளும். அவளுக்கு அன்றைக்குப் பார்த்துப் பொய் வரவில்லை.

"கேட்டாரு" என்றாள். "ரெண்டு நாள் கேட்டாரு."

அந்தப் பக்கம் அழுகைகூட வரவில்லை. பிறகு போன் வைக்கப்பட்டது.

அதற்குப் பிறகு பிலியானா கூப்பிடவில்லை. அவளுக்கு அங்கே ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை கிடைத்துவிட்டதாகத் தோத்கா மூலம் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் படத்தையும் மாட்டியாயிற்று. விழாவுக்கு ரட்காவை அழைத்து முதல் வரிசையில் உட்காரவைத்தார்கள். தலைமையாசிரியை பூங்கொத்து கொடுத்து, மகளை இப்படிப் படிக்கவைத்த தாய் என்று புகழ்ந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும் வழியில் ரட்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் செத்தா யாரும் மறைக்க வேணாங்கா. அன்னைக்கே சொல்லிடுங்க. அவ வரமாட்டா."