என் முகத்தின் மேல் கற்பூர வட்டம்

இன்று ஸ்டுடியோவில் இருந்தவர்கள்: நான், மகன் குமார், மருமகள் கலா, அவள் அம்மா ராஜம்மா, படமெடுத்த பாபு.

நேற்று இருட்டியபின் மலைமேல் எடுத்த குடும்பப் படம். பேரன் என் மடியில். என் முகத்தின் மேல் மட்டும் வட்டவட்டமாக வெளிச்சக் கோடு.

"உங்க மூக்குத்தி மின்னிச்சிம்மா" என்றான் பாபு.

"மூக்குத்தி வட்டம் போடுமாடா?"

"கீழ ஊர் வெளக்கு தெரியணும்னு கேமராவை ரொம்ப நேரம் தொறந்து வச்சிகினு இருந்தேங்க. அப்ப எந்த வெளிச்சம் ஆடினாலும் படத்துல கோடா வுழும். நடுவுல நான் பாக்காதப்ப யாராவது நெருப்பு ஆட்டினீங்களா?"

எனக்கு மறக்குமா? "ராஜம்மாதான் கொழந்தைக்குக் கற்பூரம் சுத்தினா!"

"திருஷ்டி கழிக்க வேணாவா சம்பந்தி?"

"அதுக்கு என் மூஞ்சிதான் கெடச்சிதா?"

குமார் சிரித்தான். "வுடும்மா, உன் மூஞ்சி மட்டுந்தானே போச்சு. மத்தவங்க நல்லாதான் கீறாங்க. பிரேம் போட்டுடலாம்."

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவன் இருந்தால் சொல்லுங்கள். ராஜம்மாவைக்கூட ஒருநாள் மன்னிப்பேன். நான் பெற்ற குமாரை மாட்டேன்.