காந்தம் வைத்திருந்தவர்

புத்தூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த அவரை ஒரே ஒரு முறைதான் கூட்டிப் போனேன். வரதய்யபாளையத்தில் ஒரு வீட்டுக் கொட்டகையில் துருப்பிடித்து நின்ற பழைய அம்பாசிடர் மேல் எனக்கு ஆசை. வீட்டுக்காரர் அறுபதாயிரம் சொன்னார். நியாயமான விலை என்னவென்று பார்த்துச் சொல்லத்தான் இவர்.

ஒல்லியான ஆள், கை மட்டும் பெரிது. சட்டைப் பையில், கைக்குட்டையில் சுற்றிய ஒரு காந்தம். துருவை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பெயின்ட் பளபளத்த இடங்களில்தான் காந்தத்தை வைத்தார். கதவுக்குக் கீழே அது ஒட்டாமல் விழுந்தது.

"இங்க தகடே இல்லபா. பூரா பட்டி பூசி வச்சிக்கீறாங்க. நாப்பதுக்கு மேல குடுக்காத," என்றார் என்னிடம். முப்பதில் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

பிறகு பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு அதன் சத்தத்தைக் கேட்டார். நேராக வீட்டுக்காரரிடம் போய், எஞ்சின் இதுவரை பிரிக்காதது, நாற்பதுக்குக் கீழே கொடுத்துவிடாதீர்கள் என்று தெலுங்கில் சொன்னார்.

நாற்பதுக்கே முடிந்தது. திரும்பும் வழியில் எரிச்சலோடு, "நீங்க என் ஆளா, அவரு ஆளா?" என்று கேட்டேன்.

"நியாயமான ரேட்டு இன்னான்னுதானே கேட்ட? அது ஆளுக்கு ஒண்ணா இருக்கும்?" என்றார், காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே.

இப்போது அந்தக் காரை விற்கப் பார்க்கிறேன். வாங்க வருகிறவர் இவரைக் கூட்டி வந்துவிடக் கூடாதே என்று இருக்கிறது.