கொடியில் பதினைந்து பேர்

ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே மைலிஸ் ரக்பிச் சட்டைகளை உதறிக் கொடியில் மாட்டுகிறாள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. தெற்குப் பிரான்சின் அடூர் ஆற்றிலிருந்து எழுந்த பனிமூட்டம் வேலி தாண்டி வந்து முட்டைக்கோசுப் பாத்தியில் படுத்துக் கிடக்கிறது. முட்டி மோதுகிற முன்வரிசை மூவர் கதவோரம். ஓடுகிறவர்கள் வேலியோரம். பதினைந்தாம் எண் மட்டும் கடைசியில், பேரிக்காய் மரத்தடியில் தனியாக. "மைதானத்துல எப்படி நிக்கிறானுங்களோ அப்படியே இங்கயும் நிக்கணும். இல்லன்னா காத்து வந்ததும் யாருக்குப் பந்து போடறதுன்னு தெரியாம முழிப்பானுங்க" என்பது அவள் கட்சி.

மாட்டும்போது ஒவ்வொருவனுக்கும் ஒரு வசவு உண்டு. "ஏண்டா ரெண்டு, கழுத்துப்பட்டை மறுபடியும் போச்சா? கழுத்தா அது, காளைமாட்டுத் திமிலா?" "ஒம்போது, உங்க வீட்டுல சூப்பு வைக்கிறாங்களா இல்லியா? பொம்மைக்குப் போடற சட்டை மாதிரி இருக்கு." பதினைந்தாம் எண்ணை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒரு பொட்டு சேறு இல்ல. நேத்து நீ ஆட வந்தியா, பூசைக்குப் போனியா?" என்று கேட்பாள். ஈரச் சட்டை பதில் சொல்லாமல் சொட்டும்.

பூயிலாக் ஊர் ரக்பிக் குழுவின் துணிகளை ஐம்பத்தோரு வருடமாக அவள் துவைக்கிறாள். வயது எழுபது. இரத்தத்துக்குக் குளிர்ந்த உப்புத் தண்ணீர். புல் கறைக்கு மாட்டுப் பித்தம் சேர்த்த சோப்பு. குழு வாங்கிக் கொடுத்த இயந்திரம் கொட்டகையில் இருக்கிறது. ஆனால் கை வைத்துத் தேய்க்காமல் எதையும் அதற்குள் போடமாட்டாள். வேடிக்கை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அவள் போவதே கிடையாது. கோவிலில் மாலைச் செபம் முடிந்து வீட்டுக்கு வந்து வாத்துக்குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவாள். ஆட்டத்தைத் திங்கட்கிழமை துணியில் வாசித்துக்கொள்வாள். குழுத்தலைவன் துணி எடுக்க வந்தால், "உங்க ஆறாம் எண்ணை நம்பாதே. முழங்கை சுத்தம், வயிறு சுத்தம். எதிராளியைக் கவுக்க ஒரு தடவைகூட அவன் கால்ல பாஞ்சு விழல" என்று சொல்லி அனுப்புவாள். ஒரு தடவையும் தப்பியதில்லை.

துவைத்த கதைதான் இந்தக் குழுவின் கதையும். 1925ஆம் வருடம் உதவிச் சாமியாரும் ரயில் நிலைய அதிகாரியும் சேர்ந்து குழுவைத் தொடங்கினார்கள். திராட்சை ரசம் போலச் சிவப்பாக இருக்கட்டும் என்று பதினைந்து சட்டை வரவழைத்தார்கள். சாமியார் வீட்டு வேலைக்காரம்மாள் புதுத்துணியை முதலில் கொதிக்கவைக்க வேண்டும் என்று நினைத்து, அத்தனையையும் அண்டாவில் போட்டுவிட்டாள். சாயம் தண்ணீரோடு போயிற்று. வெளியே வந்தது வெங்காயத்தோல் நிறம். மறுநாள் முதல் ஆட்டம். வேறு சட்டை இல்லை. எதிரூர் ஆர்கூசான்காரர்கள், "வெங்காயம் வருது, கண்ணைத் துடைச்சுக்கங்க!" என்று கத்தினார்கள். அன்றைக்கு ஆர்கூசான் தோற்று, நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதால் அந்த நிறம் நிலைத்துவிட்டது. நூறு வருடமாகப் பூயிலாக் ஆண்கள் வெங்காயங்கள்தான். போர்க்காலத்தில் மைதானத்தை உழுது உருளைக்கிழங்கு போட்டார்கள். போர் முடிந்து ஆடத் திரும்பியபோது, கீழே விழுந்தவன் கையில் கிழங்கோடு எழுந்தான் என்று சொல்வார்கள்.

துணி மாட்டி முடித்தால் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கிண்ணத்தில் காப்பி குடிப்பாள். அதுதான் அவளுடைய நல்ல நேரம். காற்று எழும். சட்டைகளில் வயிறு வரும், தோள் வரும், கைகள் தூக்கும். பனிக்குள் பதினைந்து பேர் தலையில்லாமல், காலில்லாமல், சத்தமில்லாமல் ஓடுவார்கள். கண்ணை மூடாமலே கனவு காண்கிற வரத்தை ஆண்டவர் சிலருக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நேரத்தில் இன்றைய பையன்களின் சட்டைக்குள் நேற்றைய ஆட்கள் வந்து புகுந்துகொள்வார்கள். எட்டாம் எண்ணுக்குள் தபால்காரர். மூன்றுக்குள் செத்துப்போன கசாப்புக்கடைக்காரர். பதினாலாம் எண்ணுக்குள் அவள் புருஷன் சில்வேர், ஆறு வருடம் முன்பு மாதாவின் மாதமான மே மாதத்தில் கண்மூடியவன்.

பத்து மணிக்கு அன்செல்ம் வருவான். ரொட்டிக்காரர் மகன், பழைய பதினோராம் எண், வயது எழுபத்து நான்கு. அக்குளில் ரொட்டி, தலையில் தொப்பி. நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரே கதையைச் சொல்வான்.

"கடைசி நிமிஷம் மைலிஸ். மூணு புள்ளி பின்னால இருக்கோம். மழைன்னா மழை, வானமே கிழிஞ்ச மாதிரி. நான் இடது ஓரத்துல நிக்க வேண்டியவன். பந்து வலது ஓரத்துல கிடக்கு. எப்படி அங்க போனேன்னு கேளு."

"எப்படிப் போனே?" என்று மைலிஸ் கேட்பாள்.

"எனக்கே தெரியாது! மாதா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனாங்க. எடுத்தேன், ஓடினேன், கோட்டுக்கு அந்தப் பக்கம் மண்ணுல அழுத்தினேன். முடிஞ்சுது. உன் புருஷனும் அன்னிக்கு நல்லாத்தான் ஆடினான், சும்மா சொல்லக்கூடாது. ஆனா கோழி இடிச்சத்தம் கேக்கற மாதிரி தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஓடுவானே, அதைப் பாத்தா எதிராளிக்கே சிரிப்பு வரும்."

மைலிஸும் சிரிப்பாள். அவளுக்குத் தெரியும், அன்றைக்கு ஓடியது அன்செல்ம் இல்லை.

1974ஆம் வருடத்து இறுதி ஆட்டம் அது. ஊருக்குக் கிடைத்த ஒரே கேடயம். இடைவேளையில் சட்டைகள் தண்ணீர் குடித்துக் கல்லாகக் கனத்ததால், எல்லோரும் கழற்றி, இரண்டிரண்டு பேராகப் பிடித்துப் பிழிந்தார்கள். உடைமாற்றும் அறையில் விளக்கு போயிருந்தது. இருட்டில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடினார்கள். பதினொன்றும் பதினாலும் ஒரே அளவு. சில்வேர் முதுகில் பதினொன்று ஏறிவிட்டது. முகமெல்லாம் சேறு. முதுகை மட்டும் மழை கழுவிக் கழுவிக் காட்டிற்று. கடைசி நிமிடத்தில், தான் வழக்கமாக ஆடுகிற வலது ஓரத்தில் அவன் பந்தோடு விழ, ஒலிபெருக்கிக்காரர் எண்ணைப் பார்த்து, "பதினொன்று! அன்செல்ம்!" என்று அலறினார். கூட்டம் உள்ளே பாய்ந்தது. அன்செல்ம் அதற்குப் பத்து நிமிடம் முன்னால் தலையில் முழங்கால் பட்டு, தான் யாரென்று தெரியாமல் இடது ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். பெயரைச் சொல்லித் தேடி, முதுகைப் பார்க்காமலே அவனைத் தோளில் தூக்கினார்கள். நீதான் போட்டாய் என்றார்கள். அவனும் நம்பினான். பக்கத்தில் நின்று பார்த்த இரண்டு பேர்கூடத் தங்கள் கண்ணை நம்பாமல் ஒலிபெருக்கியை நம்பினார்கள்.

பத்தொன்பது வயது மைலிஸ் குழுவுக்குத் துவைத்த முதல் மூட்டை அது. அந்த வாரம் மர அறுவை ஆலையில் சில்வேரின் இடது தோளில் ரம்பம் பட்டு, வைத்தியர் நாலு தையல் போட்டுக் கட்டியிருந்தார். பதினாலாம் எண்ணின் தோளில் இரத்தம் இருக்கும் என்று உப்புத் தண்ணீர் கரைத்து வைத்தாள். ஒன்றுமில்லை. பதினோராம் எண்ணைத் திருப்பினால், உள்பக்கம் தோளில் உள்ளங்கை அகலத்துக்கு இரத்தம். ஒரு தையல் நூலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் அவனிடம் கேட்டாள். அவன் அவளைக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னான்: "நேத்து சாயங்காலம் கேடயத்தை அன்செல்மோட அப்பா கட்டிலுக்குக் கொண்டுபோனோம். வாதம் வந்து எட்டு மாசமா வாய் பேசாத மனுஷன். மகன் கையைப் பிடிச்சுக்கிட்டு 'என் புள்ள'ன்னாரு. நான் வாசல்ல நின்னு கேட்டேன். அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது? ஓடினது எனக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். இப்போ உனக்கும் தெரிஞ்சு போச்சு. மூணு பேர் போதாதா?" அடுத்த வருடம் அவனையே கட்டிக்கொண்டாள். நாற்பத்து நாலு வருடக் குடித்தனத்தில் அந்தப் பேச்சை அவன் மறுபடி எடுக்கவில்லை.

போன வாரம் முசியே தாரியூ வந்தார். மருந்துக்கடையை மகளிடம் விட்டுவிட்டுக் குழுவின் நூறு வருடச் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதுகிறவர். ஆர்கூசானில் யாரோ வீட்டு மச்சில் கிடந்ததென்று ஒரு பெரிய புகைப்படத்தை மேசையில் விரித்தார். மைதானத்தின் முழு அகலமும் தெரிகிற படம். முன்னால், வலது ஓரத்தில் பந்தோடு பாய்கிறவனின் முதுகில் பதினொன்று.

"மதாம் மைலிஸ், இந்தப் படத்துல ஏதோ இடிக்குது. இடது ஆள் வலது பக்கம் வந்தது அதிசயம்னு நானும் பதிமூணு பக்கம் எழுதிட்டேன். ஆனா அதிசயத்துக்குத் தோள்ல ஏன் கட்டு போட்டிருக்கு? சட்டை ஒட்டிக்கிட்டுத் தெரியுது பாருங்க. மர ஆலையில அடிபட்டது யாருன்னு என் அப்பாவோட மருந்துச்சீட்டு நோட்டுல இருக்கு."

மைலிஸ் அந்த முதுகையே பார்த்தாள். ஐம்பது வருடம் கழித்து வந்து நிற்கிறான்.

"அடுத்த திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகுது. நான் ஊகத்தை எழுதமாட்டேன். உங்க வாயால ஒரு வார்த்தை சொன்னா எழுதிடறேன். இல்லன்னா சில்வேர் பேரு ஆடினவங்க பட்டியல்ல ஒரு வரி, அவ்வளவுதான்."

அந்த வாரம் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஊரில் தெருவுக்குப் பெயர் வேண்டாம், சிலை வேண்டாம். ஒரு புத்தகத்தில் ஒரு பக்கம், "சில்வேர் ஓடினான்" என்று. அதைக் கேட்பது பாவமா? பிள்ளையில்லாத வீடு. அவளும் போய்விட்டால் அந்த ஓட்டத்தை வைத்திருக்க ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாதா பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, "கேட்டா பொய் சொல்லமாட்டேன் தாயே. ஆனா என் வாயில வர்ற முதல் வார்த்தையை நீங்களே போடுங்க" என்று வேண்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை முசியே தாரியூ படத்தோடு வந்தபோது அன்செல்ம் ஏற்கெனவே நாற்காலியில் இருந்தான். சட்டைகள் கொடியில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன.

"என்ன மருந்துக்கடைக்காரரே, மாத்திரை கொடுத்துக் கொன்னது போதாதுன்னு புத்தகம் எழுதி வேற கொல்லப் போறீராமே?" என்றான் அன்செல்ம். "அது என்ன படம்? என்னோடதா? கொண்டா."

தாரியூ மைலிஸைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அன்செல்ம் படத்தை வாங்கி மடியில் வைத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டான்.

முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. படத்தைத் தள்ளிப் பிடித்தான். கிட்டத்தில் கொண்டு வந்தான்.

"தலையைப் பாரு" என்றான் மெதுவாக. "தலை சாஞ்சிருக்கு. இப்படி ஓடறவன் இந்த உலகத்துலயே ஒருத்தன்தான்."

படத்தில் அந்தத் தோளின் கட்டைச் சுட்டுவிரலால் தொட்டான்.

"மைலிஸ், இது சில்வேர்டி."

"ஆமா அன்செல்ம்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முதல் துவையல்லேர்ந்து தெரியும்."

"அவனுக்கு?"

"அவருக்குத் தெரியாம இருக்குமா? உங்க அப்பாவுக்காக வாயை மூடிக்கிட்டாரு."

அன்செல்ம் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தான். நரைத்த தலையில் பனி ஈரம் இறங்கிற்று. "எழுதுங்க முசியே. அவன் பேரை எழுதுங்க. நான் திருடல, எனக்குத் தெரியாது" என்றான். பிறகு குழந்தை மாதிரி மைலிஸை நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு அந்தப் புல்லு ஞாபகம் இருக்கு, மழை ஞாபகம் இருக்கு. அது நானில்லன்னா, அப்போ நான் எங்க இருந்தேன்?"

தாரியூ பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மைலிஸ் ஈரக் கையை இடுப்பில் கட்டிய வேலைத் துணியில் துடைத்துக்கொண்டு அவன் அருகில் மண்டியிட்டாள். போன வாரம் இதே படத்தில் அவள் ஒரு முதுகைத்தான் பார்த்தாள். இப்போதுதான் மற்றவர்களைப் பார்க்கிறாள். கூட்டம் குடைகளின் கீழ் உறைந்து நிற்கிறது. ஆர்கூசான்காரன் ஒருவன் விழுகிறான். மைதானத்தின் அந்தக் கோடியில், இடது ஓரத்தில், மழைக்குள் கரைந்தாற்போல ஒரு சின்ன உருவம்.

"இதோ இங்க இருக்கே" என்றாள். "கையைப் பாரு. சில்வேர் இன்னும் கோட்டைத் தாண்டல. பந்து இன்னும் மண்ணைத் தொடல. மைதானத்துல இத்தனை பேர் இருக்காங்க, ஒருத்தனுக்கும் நம்பிக்கை இல்ல. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கிறது நீ ஒருத்தன்தான்."

அன்செல்ம் குனிந்து பார்த்தான். உதடு அசைந்தது. உட்கார்ந்தபடியே வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினான். இடது கை, போன வருடம் நோய் வந்ததிலிருந்து தோளுக்கு மேல் எழும்பாது. பாதியில் நின்றுவிட்டது. மைலிஸ் எழுந்து, அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்து, அந்தக் கையையும் உயரத் தூக்கி நிறுத்தினாள்.