ராத்தா செஞ்ச தொதல் ரயில்

கித்துள் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஒண்டாக் கொதிச்சு, இறுகித் தொதலாகும்போது வாற அந்த மணம்... கண்டியில எங்கட வீட்டுக் குசினி முழுக்க அதுதான். மழை நாள்ல அது வெளியவும் போகாது. உடுப்பு, தலைமயிர் எல்லாத்திலயும் ஒட்டிக்கொண்டு இருக்கும்.

எனக்கு வயசு தொண்ணூறு தாண்டிட்டு. நான் சொல்லச் சொல்ல மகள்ட மகள் போன்ல அடிச்சு பேஸ்புக்ல போடுறா. பிழை இருந்தா அவளுக்கு ஏசுங்க.

இது முப்பதுகள்ல நடந்தது. நான் ரெண்டாம் வகுப்பு. ராத்தா, அதாவது எண்ட அக்கா ஸுபைதா, என்னை விட ஆறு வயசு மூப்பு. ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். அந்த வருஷம்தான் அவ வயசுக்கு வந்தா. அதோட படிப்பு நிண்டு போச்சு. அந்தக் காலத்துல எங்கட ஆக்கள்ல அப்படித்தான்.

ராத்தா அழல்ல. காலையில எனக்குத் தலை பின்னி விடுவா. பின்னி முடிச்ச பொறகும் பின்னலைக் கையில பிடிச்சுக்கொண்டே கொஞ்ச நேரம் இருப்பா...

வருஷக் கடைசியில பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குப் பார்ட்டி. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு மேசை, ஒவ்வொரு மேசைக்கும் ஒரு விஷயம். ஒரு வகுப்புக்குப் பூந்தோட்டம், ஒரு வகுப்புக்குச் சந்தை. எங்களுக்கு ரயில். வீட்டுக்கு ஓடி வந்து சொன்னன்.

"ரயிலா?" எண்டா ராத்தா. எத்தனையோ நாளைக்குப் பொறகு அவட முகத்துல வெளிச்சம்.

எங்கட வீடு ஸ்டேஷனுக்கு மேல உள்ள மேட்டுல. குசினி ஜன்னலால ரயில் வாறதும் போறதும் தெரியும். வெளிய போகாத பிள்ளைக்கு அதுதானே ஊரு.

எங்கட மேசைக்கு ராத்தா பலகாரத்துலயே ஒரு ரயில் செஞ்சா. எஞ்சின் தொதல்ல. நல்லாக் கறுப்பா, பளபளப்பா, எண்ணெய் பூசின மாதிரியே இருந்திச்சு. பெட்டிகள் தேங்காய் டொஃபியில... ஒண்டு பீட்ரூட் சாறு விட்டு ரோஸ், ஒண்டு ரம்பை இலைச் சாறு விட்டுப் பச்சை. வட்டமா வெட்டின பால் டொஃபிதான் சக்கரச் சில்லு. தண்டவாளத்துக்கு நீட்டு நீட்டாப் பிழிஞ்ச முறுக்கு. ஜன்னலுக்கு ஒவ்வொரு பிளம்ஸ், காஞ்ச திராட்சை, அதுதான் பயணம் போற ஆக்கள்.

வாப்பா கடையால வந்து குனிஞ்சு பார்த்தார். "இதென்ன, மனுஷரா? எங்கட மார்க்கத்துல உருவம் செய்யக் கூடாது மகள்."

"பிளம்ஸ்தானே வாப்பா... மூஞ்சி ஒண்டும் இல்லயே."

வாப்பா ஒரு பிளம்ஸைக் கிள்ளி வாயில போட்டுக்கொண்டார். "சரி, இவர் கம்பளை ஸ்டேஷன்ல இறங்கிட்டார்."

உம்மா சிரிச்ச சிரிப்பு இப்பவும் கேக்குது.

புகைதான் பெரிய பாடு. முட்டை வெள்ளைக்கருவை சீனி போட்டு அடிச்சு, சட்டி மூடிக்கு மேல தணல் வச்சு சுட்டெடுப்பா. கண்டி ஈரத்துக்கு அது பொழுது விடியுமுன்ன தொய்ஞ்சு போயிடும். திரும்பவும் அடிப்பா. கடைசிப் புகை பார்ட்டி அண்டு காலையிலதான் சரி வந்துச்சு.

தட்டைக் கொண்டு போக வாப்பா திரை போட்ட மாட்டு வண்டி, கரத்தை எண்டு சொல்லுவம், ஒண்டு பிடிச்சு வந்தார். உம்மாதான் போறதாப் பேச்சு. ராத்தா மெதுவா சொன்னா: "நான் மடியில வச்சுக்கொண்டு வாறனே வாப்பா. இறங்க மாட்டன்."

வாப்பா உம்மாவைப் பார்த்தார்.

"போயிட்டு வரட்டுமே," எண்டா உம்மா. "அவளும் பிள்ளைதானே."

"திரையைத் தூக்கக் கூடாது," எண்டு மட்டும் சொன்னார்.

வாப்பா, ராத்தா, நான் மூணு பேரும் குளத்தைச் சுத்தி பள்ளிக்கூட கேட்டுக்கு வந்து சேர்ந்தோம். எங்கட டீச்சர் யாழ்ப்பாணத்து மனிசி. தட்டை வாங்கினவ அப்படியே நிண்டுட்டா. "ஆர் செய்தது இது?"

"ராத்தா," எண்டன்.

டீச்சர் திரையைப் பார்த்தா. வாப்பாவைப் பார்த்தா. வாப்பா நிலத்தைப் பார்த்தார். பொறகு டீச்சர் உள்ள திரும்பிக் கூப்பிட்டா: "பிள்ளையள், மேசையை வெளியில தூக்கி வாங்கோ. மாமரத்துக்குக் கீழ வைப்பம்."

மாமரம் கரத்தைக்கு நேர முன்னால.

பிள்ளைகள் 'கூ...' எண்டு கத்திக்கொண்டு ரயிலைச் சுத்தி ஓடினாங்க. பொறகு ஒரே அமளி. எஞ்சின் போச்சு, பெட்டி போச்சு. திரையில ஒரு சின்ன இடைவெளி. அதுல ராத்தாட ரெண்டு விரல் மட்டும் தெரிஞ்சுது.

ராத்தாவோட ஒரே வாங்குல பக்கத்துல பக்கத்துல இருந்து படிச்ச சிவகாமி, ஒரு பச்சை டொஃபித் துண்டை எடுத்துக்கொண்டு கரத்தைக்கிட்ட வந்தா. திரைக்குள்ள கையை விட்டா. அந்தக் கை வெளிய வரவே இல்ல... உள்ள பிடிச்சுக்கொண்டே இருந்திருக்கா ராத்தா.

வாப்பாக்கு அது தெரிஞ்சுது. கரத்தைக்காரர்கிட்ட, "மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணி காட்டுவோமே," எண்டு சொல்லி அந்தப் பக்கமாத் திரும்பி நிண்டார். மாடு குடிச்ச பொறகும் திரும்பல்ல.

வாற வழியில ராத்தா கேள்வி மேல கேள்வி. புகையை யார் தின்ட? ரோஸ் பெட்டி யாருக்கு? சிரிச்சுக்கொண்டுதான் வந்தா. குளத்தடிக்கு வந்ததும் கையை மூக்கடியில வச்சுக்கொண்டு குனிஞ்சுட்டா.

"அழுறீங்களா ராத்தா?"

"இல்லடி... சிவகாமிட கையில சோக்குக்கட்டி மணம் இருக்கு."

கொஞ்ச நாள்ல கலகெதரையில ஒரு கடைக்காரருக்கு அவவைக் கட்டிக் கொடுத்தாங்க. நல்ல மனுஷன். அவட பொம்பளைப் பிள்ளைகளைப் படிக்க அனுப்ப ராத்தா ஊரோட சண்டை பிடிச்சா... அனுப்பியும் வச்சா. அவ மௌத்தாகி, கண்ணை மூடி நிறைய காலம் ஆச்சு.

போன கிழமை எண்ட பூட்டப்பிள்ளைக்கு, பேத்திட மகளுக்கு, ஸ்கூல்ல சேல். யூடியூப் பார்த்து, நட்சத்திரம், நிலா எல்லாம் வச்சு கப்கேக் செஞ்சா. பதிமூணு வயசு. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, "வாறன் பெரியும்மா" எண்டு எனக்குச் சொல்லிட்டு பஸ் ஏறிப் போயிட்டா. யாருகிட்டயும் கேக்கல்ல. கேக்க வேணும் எண்டு அவளுக்குத் தெரியவும் தெரியாது.

பஸ் போன பொறகும் நான் வாசல்லயே நிண்டன். ராத்தா இருந்தா இப்ப நூறுக்கு வந்திருப்பா. எண்ட மனசுல மட்டும் அவக்கு இன்னும் பதிமூணுதான்...

அவவையும் அந்த பஸ்ல ஏத்தி அனுப்பணும் போல இருந்திச்சு.